உலைமேட்டு ரயிலும் நீர்மடிப் படகும்

ஜனவரி 6

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். இங்கே நானும் வீட்டுக்காரியும் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? சம்பந்திக்கு ஷிப்ட் மாறிவிட்டதா, இன்னும் பகலில்தான் தூங்குகிறாரா?

போனில் கேட்டிருக்கலாமே என்று நினைப்பீர்கள். கூடாதாம். நம் பிள்ளைகளின் சட்டம். அவர்கள் இரண்டு பேரும் கல்யாணத்துக்கு முன்பே நண்பர்களோடு சேர்ந்து கற்பனையில் ஒரு உலகம் கட்டி, ஆளுக்கொரு நாடு வைத்து விளையாடியது உங்களுக்குத் தெரியும். பழக்கமே அதில்தானே வந்தது. கல்யாணமான கையோடு தங்கள் நாடுகளை நம் தலையில் கட்டிவிட்டு, அவர்கள் நடுவர்களாக உட்கார்ந்துகொண்டார்கள். என் மகள் என்னிடம் உலைமேட்டைக் கொடுத்தாள். மாப்பிள்ளை உங்களிடம் நீர்மடியைக் கொடுத்திருக்கிறார். அந்த உலகத்தில் இன்னும் தந்திகூட வரவில்லை. ஆகவே ஆட்சியாளர்கள் தபாலில்தான் பேச வேண்டும்.

விளையாட்டுதானே என்று முதலில் சும்மா இருந்தேன். இப்போது கடையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றும்போதெல்லாம் உலைமேட்டு ஞாபகம்தான். எங்களுக்கு நிலக்கரி இருக்கிறது. இரும்பு இருக்கிறது. ரயில் விட வேண்டும் என்று ஒரே ஆசை. அதற்கு நான் கருவிக் கணக்கில் மூன்றாம் படியிலிருந்து நான்காம் படிக்கு ஏற வேண்டும். ஆனால் எல்லையைப் பகிரும் இரண்டு நாடுகளுக்கு இடையில் ஒரு படிக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்கிறது விதி. நீங்கள் இரண்டாம் படியில் இருக்கிறீர்கள். தயவுசெய்து ஒரு படி ஏறுங்களேன்? காற்றாலை, தண்ணீர்ச் சக்கரம் எல்லாம் நானே கற்றுத் தருகிறேன்.

"நாடு ஆள்றது இருக்கட்டும், மொதல்ல மேல இருக்கிற தண்ணித் தொட்டியக் கழுவுங்க" என்று உள்ளிருந்து ஆணை வந்திருக்கிறது. முடிக்கிறேன்.

அன்புள்ள,
உலைமேட்டு மன்னன்

*

ஜனவரி 19

சம்பந்தி அவர்களுக்கு,

நலமே. முழங்கால் மாடிப்படியில் மட்டும் முரண்டு பிடிக்கிறது. அவர் இன்னும் பகலில்தான் தூங்குகிறார். உங்கள் வீட்டில் தொட்டி கழுவியாயிற்றா?

நீங்கள் கேட்டதை மூன்று முறை படித்தேன். மகன் கொடுத்துவிட்டுப் போன விதித்தாளை அதன் பிறகுதான் பிரித்தே பார்த்தேன். நீங்கள் ஒரு விதியைச் சொன்னீர்கள், அடுத்ததைச் சொல்லவில்லை. கருவியில் ஒரு படி ஏறினால் மந்திரத்தில் ஒரு படி இறங்க வேண்டுமாம். நீர்மடியில் குணமாக்கும் கற்கள் இருக்கின்றன. ஆற்றங்கரைக் குடிசைகளில் எல்லாம் அந்தக் கல் உண்டு. உடைந்த எலும்பின் மேல் வைத்தால் கூடிவிடும். உங்கள் ரயிலுக்காக நான் மூன்றாம் படிக்கு வந்தால் பாதிக் கற்கள் வெறும் கூழாங்கல்லாகிவிடும்.

ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க எக்ஸ்ரே எடுப்பவள் நான். உடைந்ததைப் படம் பிடித்துக் காட்ட மட்டும்தான் எனக்குத் தெரியும். கற்பனையிலாவது சேர்த்து வைக்க ஒரு கல் கிடைத்திருக்கிறது. அதை எப்படி விட முடியும், சொல்லுங்கள்.

ஆனாலும் கேட்கத் தோன்றுகிறது. உங்கள் ரயில் எங்கே போகும்? யார் ஏறுவார்கள்? நீர்மடியில் எல்லாரும் படகில்தான் போகிறார்கள். அவசரம் என்ற சொல்லே எங்கள் நாட்டில் இருக்கிறதா என்று மகனிடம் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
நீர்மடி அரசி (சிரிக்காதீர்கள்)

*

பிப்ரவரி 8

சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். இங்கே எல்லாரும் நலம். தொட்டி கழுவியாயிற்று, இடுப்புதான் பிடித்துக்கொண்டது. உங்கள் கல் ஒன்று இருந்தால் அனுப்பி வையுங்கள்.

அடுத்த விதியை நான் மறைக்கவில்லை. படித்தேன், என் ரயிலுக்கு முன்னால் அது கண்ணில் படவில்லை. அவ்வளவுதான்.

ரயில் எங்கே போகும் என்று கேட்டீர்கள். அன்றிலிருந்து அதே யோசனைதான். ஏதாவது ஓட வேண்டும் என்பதுதான் என் ஆசை, எங்கே என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. கடையிலும் அப்படித்தான். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கம்பி சுற்றி, வார்னிஷ் பூசி, காய வைத்து, சுவிட்சைப் போட்டு, அது 'உம்' என்று சுற்றினால் போதும். அது யார் வீட்டுக் கிணற்றில் இறங்கப்போகிறது என்று கேட்டதில்லை.

நடுவர்களுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். நீங்களும் எழுதுங்கள். போன வருஷம் வந்த தீர்ப்பு ஞாபகமிருக்கிறதா? ஒரே தாள். என் மகளின் குண்டுக் கையெழுத்தில் விதி, ஓரத்தில் மாப்பிள்ளை வரைந்த படகும் உலையும். இரண்டு பேரும் ஒரே மேசையில் இடித்துக்கொண்டு எழுதியது தாளைப் பார்த்தாலே தெரிந்தது. வீட்டுக்காரி அதைப் பீரோ கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். இந்த முறையும் அவர்கள் நியாயமாகச் சொல்வார்கள்.

உங்கள் நலம் விரும்பும்,
உ. மன்னன்

*

மார்ச் 2

சம்பந்திக்கு,

நலம்தானே? உங்கள் இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். கல் தர முடியாது, எல்லை தாண்டினால் வேலை செய்யாதாம்.

தீர்ப்பு வந்தது. இரண்டாக வந்தது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

மகன் அனுப்பிய தாளில், "நீர்மடி இரண்டாம் படியில் இருக்கும்வரை உலைமேட்டுக்கு ரயில் கிடையாது" என்று இருக்கிறது. ஓரத்தில் படம் இல்லை. மருமகள் அனுப்பிய தாளில், "உலைமேட்டு ரயில் தன் நாட்டுக்குள் ஓடலாம், எல்லைக்குப் பக்கத்தில் வராமல் இருந்தால் போதும்" என்று இருக்கிறது. ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்த மாதிரியே தெரியவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே கேள்விக்கு, எப்படி இரண்டு பதில்? எதை எடுத்துக்கொள்வது?

மருமகளின் உறையில் உங்கள் ஊர் தபால் முத்திரை இருந்தது. ஊருக்கு வந்திருக்கிறாளா? வந்திருந்தால் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

போன வாரம் மகன் இங்கே வந்தான், தனியாக. அவளுக்கு வேலை அதிகம் என்றான். சாப்பிட்டான், தூங்கினான், எழுந்து டிவி ரிமோட்டைப் பிரித்து ஒட்டினான். நன்றாக வேலை செய்துகொண்டிருந்த ரிமோட் அது.

பதில் போடுங்கள்.

நீ. அரசி

*

மே 11

அன்புள்ள அம்மையாருக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னியுங்கள். கடையில் வேலை நெருக்கடி. வெயில் ஏறினால் ஊரில் உள்ள மோட்டார் எல்லாம் என் வாசலுக்குத்தான் வரும். ஒரு கை கூடுதலாக இருப்பதால் சமாளிக்கிறேன்.

இரண்டு தீர்ப்பு விஷயமாக யோசித்தேன். உங்கள் மகன் சொன்னதும் சரி, இவள் சொன்னதும் சரி. எனவே ஒரு யோசனை. விதி அண்டை நாடுகளைப் பற்றித்தானே பேசுகிறது? உலைமேடும் நீர்மடியும் ஒரே நாடாகிவிட்டால் நடுவில் எல்லையே இல்லை. மலைப்பக்கம் ரயில் ஓடட்டும், ஆற்றுப்பக்கம் கல் இருக்கட்டும். யோசித்துச் சொல்லுங்கள்.

மற்றபடி எழுத ஒன்றும் இல்லை. சம்பந்தியைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உ. மன்னன்

*

மே 20

சம்பந்திக்கு,

நான் நலம். நீங்கள் நலமில்லை என்று நினைக்கிறேன்.

முன்பெல்லாம் 'மாப்பிள்ளை' என்று எழுதுவீர்கள். இந்த முறை 'உங்கள் மகன்' என்று இருக்கிறது. 'சம்பந்தியம்மா' போய் 'அம்மையார்' வந்திருக்கிறது. கூடுதலாக ஒரு கை என்கிறீர்கள், அது யாருடைய கை என்று சொல்லவில்லை. மருமகள் ஊருக்கு வந்தாளா என்று கேட்டிருந்தேன், அந்தக் கேள்வி மட்டும் தபாலில் தொலைந்துபோன மாதிரி இருக்கிறது.

இருட்டறையில் உட்கார்ந்து எலும்பைப் பார்த்தே காலம் தள்ளியவள் நான். எங்கே விரிசல் என்று எனக்குத் தெரியாதா?

நானே சொல்லிவிடுகிறேன். மார்ச்சில் ரிமோட்டைப் பிரித்தான் என்று எழுதினேனே, அன்றைக்கே எனக்கு எல்லாம் சொல்லிவிட்டுத்தான் போனான். "அம்மா, அவங்க வீட்ல நீ ஒண்ணும் பேசாத. அவளே சொல்லட்டும்" என்றான். அதனால்தான் உங்களிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். நீங்களும் யாருக்கோ வாக்குக் கொடுத்திருப்பீர்கள் என்று இப்போது புரிகிறது. போனை எடுத்து எடுத்து வைத்தேன். குரலில் பிடிபட்டுவிடுவேன் என்று பயம். தபால் பரவாயில்லை.

நாடுகளைச் சேர்க்கும் யோசனை வேண்டாம். சேர்த்து வைப்பதில் நமக்கு ராசி இல்லை போலிருக்கிறது.

சாப்பிடுகிறாளா?

நீ. அரசி

*

ஜூன் 2

சம்பந்தியம்மாவுக்கு,

சாப்பிடுகிறாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பிப்ரவரி மாதக் கடைசியில் இரண்டு பெட்டியோடு வந்தாள். ஒரு பெட்டி துணி, இன்னொன்று முழுக்க அந்த உலகத்தின் வரைபடங்கள். என் வீட்டுக்காரி எதுவும் கேட்காமல் அறையை ஒழித்துக் கொடுத்தாள். நான்தான் கேட்டுவிட்டேன்.

"சண்டையாம்மா?"

"சண்டை போட்டிருந்தா சமாதானம் ஆகியிருக்கும்பா. எங்களுக்குப் பேசறதுக்கு ஒண்ணும் இல்ல."

"ராத்திரி பகலா பேசிட்டுத்தானே இருந்தீங்க?"

"அது எல்லாமே அந்த உலகத்தப் பத்தி. அத விட்டா, பால் இருக்கா, கேஸ் இருக்கா, அவ்வளவுதான். ரெண்டு பேரும் நல்லவங்கதான்பா. அதுக்கு என்ன பண்றது?"

உங்கள் பையன் மேல் அவள் ஒரு குறையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கோபப்படவாவது ஒரு வழி கிடைத்திருக்கும். 'மாப்பிள்ளை' என்று எழுதப் பேனா எடுத்தேன், வரவில்லை. நீங்கள் கவனிப்பீர்கள் என்று நினைக்கவில்லை.

இப்போது கடையில் அவள்தான் கம்பி சுற்றுகிறாள். நன்றாகவே சுற்றுகிறாள்.

இன்னொரு விஷயம். அந்த உலகத்தில் மற்ற நாடுகளை வைத்திருக்கும் நண்பர்கள், உலகத்தை மூடிவிடலாமா என்று கேட்கிறார்களாம். நடுவர்கள் இல்லாமல் எந்த நாடும் படி ஏற முடியாமல் நிற்கிறது. "விட்டுடுங்கப்பா, அது முடிஞ்சு போச்சு" என்கிறாள். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

அன்புடன்,
உ. மன்னன்

*

ஜூலை 7

சம்பந்திக்கு,

எல்லாரும் நலமா? சாப்பிடுகிறாள் என்று முதல் வரியிலேயே எழுதினீர்கள். அதை அவரை எழுப்பிப் படித்துக் காட்டினேன். "சரி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அப்புறம் தூங்கவில்லை.

மகனிடமும் கேட்டேன். பேசிவைத்துக்கொண்ட மாதிரி அதே பதில்தான். இந்தப் பதிலை மட்டும் ஒரே தாளில் எழுதியிருக்கிறார்கள்.

உலகத்தை மூட எனக்கும் விருப்பமில்லை. உங்கள் கேள்வியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனேன், அங்கே ஒன்று தோன்றியது. சரியா என்று பாருங்கள்.

எங்கள் எக்ஸ்ரே அறைக்கும் வெளி வராந்தாவுக்கும் நடுவில் ஒரு சின்ன அறை இருக்கிறது. நோயாளிகள் வளையல், கடிகாரம், பெல்ட் எல்லாம் கழற்றி வைக்கிற இடம். ஒரு கதவு உள்ளே திறக்கும், ஒரு கதவு வெளியே திறக்கும். அந்த அறை எக்ஸ்ரேயும் இல்லை, வராந்தாவும் இல்லை. அது இருப்பதால்தான் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க முடிகிறது.

நம் எல்லையில் அப்படி ஒரு ஊர் வைத்தால் என்ன? எல்லை நெடுக நீளமாக, ஒல்லியாக ஒரு ஊர். அது உலைமேடும் இல்லை, நீர்மடியும் இல்லை. அது மூன்றாம் படியில் இருக்கட்டும். அப்போது நாம் அண்டை நாடுகளே அல்ல. உங்களுக்கு அண்டை அந்த ஊர். எனக்கும் அண்டை அந்த ஊர். நீங்கள் நான்கு, ஊர் மூன்று, நான் இரண்டு. எங்கேயும் ஒரு படிக்கு மேல் வித்தியாசம் இல்லை. உங்கள் ரயில் அந்த ஊர் வாசலில் நிற்கும். என் படகு அந்த வாசலில் நிற்கும். நடுவில் கையால் இறக்கி ஏற்றிக்கொள்ளலாம். என் கற்கள் எனக்கே இருக்கும்.

இதில் ஓட்டை இருந்தால் சொல்லுங்கள். மந்திரக் கணக்கு எனக்கு இன்னும் தகராறுதான்.

நீ. அரசி

*

ஆகஸ்ட் 4

சம்பந்தியம்மா,

நலம் விசாரிக்கக்கூடப் பொறுமை இல்லை, மன்னியுங்கள். ஓட்டையே இல்லை! நான்கு பக்கமும் தட்டிப் பார்த்துவிட்டேன். கடையில் சத்தமாகவே "ஆஹா" என்று சொல்லிவிட்டேன். மகள் நிமிர்ந்து பார்த்தாள். ஷாக் அடித்துவிட்டது என்று பயந்துவிட்டாளாம்.

ஒரே சிக்கல், தீர்ப்பு வேண்டும். அவள் எழுத மாட்டேன் என்கிறாள்.

நீதிமன்றத் தேதி உங்களுக்கும் வந்திருக்கும். இரண்டு பேரும் சேர்ந்தே மனு போட்டிருப்பதால் சீக்கிரம் முடிந்துவிடும் என்கிறார் வக்கீல். நான் அவளோடு வருகிறேன். நீங்களும் வருவீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே நாம் எப்படி நடந்துகொள்வது? பார்க்காத மாதிரி இருக்க வேண்டுமா? தலையாட்டினால் போதுமா? இதற்கெல்லாம் விதித்தாள் இல்லை. நீங்கள் எப்படி இருப்பீர்களோ அப்படியே நானும் இருக்கிறேன்.

ஊரின் படம் ஒன்று வரைந்து எடுத்துவருகிறேன். அங்கே பேச முடியாவிட்டால் கையில் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

உ. மன்னன்

*

செப்டம்பர் 15

சம்பந்திக்கு,

பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? உங்கள் வீட்டுக்காரிக்கு மனசு எப்படி இருக்கிறது?

நீங்கள் பாதிதான் பார்த்தீர்கள். மீதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அந்தக் கோர்ட் வராந்தாவில் நான் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டதும் நீங்கள் வந்து உட்கார்ந்தீர்கள். அதுவரை இரண்டு குடும்பமும் எதிர்ச்சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். படத்தை விரித்தீர்கள். இரண்டு பேருமே சுற்றுப்புறத்தை மறந்துவிட்டோம், அதுதான் உண்மை. சாமானை இறக்க நீராவிக் கிரேன் வைக்கலாம் என்று நீங்கள் சொன்னது வராந்தாவின் இரண்டு கோடிக்கும் கேட்டிருக்கிறது.

"அப்பா, நீராவி நாலாம் படி. அந்த ஊரு மூணுதான்" என்று அந்தப் பக்கத்திலிருந்து அவள் சொன்னாள். "கையால சுத்துற கிரேன்தான் வைக்க முடியும்" என்று இந்தப் பக்கத்திலிருந்து இவன் சொன்னான். இரண்டும் ஒரே நேரத்தில். வக்கீல் கையில் இருந்த காகிதத்தைக் கீழே போட்டுவிட்டார். நீங்கள் வெட்கப்பட்டுக்கொண்டு தண்ணீர் வாங்கக் கீழே போனீர்கள்.

நீங்கள் போனதும் இவன் எழுந்து அவளிடம் போனான்.

"எல்லை ஊரு நல்ல யோசனை. யாரு கண்டுபிடிச்சது?" என்று அவள் கேட்டாள்.

"அம்மாதான்."

"நம்ம ரெண்டு பேருக்கும் தோணவே இல்ல பாரு."

"தீர்ப்பு எழுதணுமே" என்றான். "ரயில் பக்கத்து விதியெல்லாம் நான் எழுதறேன். படகுத்துறை பக்கம் நீ எழுது" என்றாள்.

"ஒரே தாள்லயா?"

அவள் யோசித்தாள். "வேண்டாம்" என்றாள். கோபமே இல்லை. அவனும், "சரி, வேண்டாம்" என்றான். அப்போதுதான் உள்ளே கூப்பிட்டார்கள்.

ஒரு நிமிடம் ஆசைப்பட்டுவிட்டேன் சம்பந்தி. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? பிறகு அவர்கள் வெளியே வந்தபோது பார்த்தேன். இரண்டு பேர் முகத்திலும் வெகு நாளாகக் காணாத ஒரு தெளிவு இருந்தது. ஆசையை மடித்து வைத்துவிட்டேன். படியில் இறங்கும்போது அவள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "முழங்கால் எப்படி இருக்கு?" என்றாள். அத்தை என்று சொல்லவில்லை. வேறு எப்படியும் கூப்பிடவும் இல்லை.

உங்களை இனி எப்படி அழைப்பது என்று எனக்கும் தெரியவில்லை. இந்த ஒரு முறை பழைய மாதிரியே எழுதிவிட்டேன்.

நீ. அரசி

*

அக்டோபர் 3

நீர்மடியின் அரசியாருக்கு,

உலைமேட்டில் எல்லாரும் நலம். அங்கே நீங்களும் அவரும் நலம்தானே? வீட்டுக்காரி இரண்டு நாள் அழுதாள். பிறகு எழுந்து மகள் அறைக்குப் புதுத் திரைச்சீலை தைத்தாள்.

வராந்தாவில் நடந்ததை எழுதியதற்கு நன்றி. நான் தண்ணீர் வாங்கிக்கொண்டு உடனே திரும்பிவிட்டேன். மேலே ஏறாமல் படிக்கட்டிலேயே நின்றேன். அவர்கள் பேசுவது தெரிந்தது, என்னவென்று கேட்கவில்லை. நடுவில் போய்க் காரியத்தைக் கெடுக்கக் கூடாது என்று நினைத்தேன். நீங்கள் ஆசைப்பட்டது இருக்கட்டும், நான் அந்தப் படியில் நின்று என்னென்ன வேண்டிக்கொண்டேன் என்று எழுத மாட்டேன்.

நேற்று மேலுறையில் உங்கள் விலாசத்தை எழுதிக்கொண்டிருந்தேன். மகள் பார்த்துவிட்டாள்.

"இன்னுமாப்பா? இனிமே அவங்க நமக்கு யாரும் இல்லையே."

"உனக்கு இல்லாம இருக்கலாம்மா. எனக்கு அவங்க பக்கத்து நாடு."

"பக்கத்து நாடு இல்லப்பா. நடுவுல ஒரு ஊரு இருக்கு" என்றாள்.

சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதம் ஆகிறது! வீட்டுக்காரி கரண்டியோடு ஓடி வந்து என்ன என்ன என்று கேட்டாள். பிறகு மகள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ரயில் பக்கத்து விதிகளை எழுதி முடித்தாள். இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். துறைப் பக்கத்து விதிகள் உங்கள் மகனிடமிருந்து முந்தாநாளே வந்துவிட்டன. அவற்றையும் நன்றாகப் படித்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றோடொன்று முட்டவில்லை. உலகத்தை மூடும் பேச்சும் அடங்கிவிட்டது. மற்ற நாட்டுக்காரர்கள் இப்போது ஆளுக்கொரு எல்லை ஊர் கேட்கிறார்களாம்.

ஆக, உலைமேடு நான்காம் படி ஏறியாயிற்று. தண்டவாளம் போட்டாயிற்று. எல்லை ஊருக்கு வர முதல் ரயிலும் தயார். எஞ்சினைப் பற்றி எல்லாம் யோசித்துவிட்டேன், பின்னால் இழுத்து வருகிற பெட்டிகள் மட்டும் காலியாக இருக்கின்றன. இத்தனை மாதமாக என் ரயில் ஓட உங்கள் நாடு ஏற வேண்டும், இறங்க வேண்டும், சேர வேண்டும் என்றே எழுதிக்கொண்டிருந்தேன். நீர்மடிக்கு என்ன வேண்டும் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

என்ன ஏற்றி அனுப்பட்டும்? இரும்பா, நிலக்கரியா, அல்லது எங்களிடம் இருப்பதே எனக்குத் தெரியாத வேறு ஏதாவதா? மெதுவாக யோசித்து எழுதுங்கள். பதில் வரும்வரை ரயிலை நிறுத்தி வைக்கிறேன்.

அன்புடன்,
உலைமேட்டு மன்னன்